தளர்வாதம்: ஒரு பெயரும் நான்கரை மணி நேரமும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை அமைந்தது. ஆயினும் நோய்களின் பெயர்கள் அந்த எல்லையைப் பார்த்துப் பிரியவில்லை. தமிழில் பக்கவாதம், பாரிசவாதம். மலையாளத்தில் தளர்வாதம், பக்ஷாகாதம். இரு மொழியினரும் ஒரே நோயைத்தான் சுட்டினர்.

இப்பெயர்களை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பக்கம், பாரிசம், தளர்ச்சி ஆகிய சொற்கள் யாவும் நோய் தாக்கி முடிந்த பின் உடலில் எஞ்சுவதைக் குறிப்பவை. பக்ஷாகாதத்தில் உள்ள 'ஆகாதம்' அடி என்று பொருள்பட்டாலும், அதுவும் அடிபட்ட பக்கத்தையே முன்னிறுத்துகிறது. அடி விழுந்த இடமாகிய மூளை எந்தப் பெயரிலும் இல்லை.

மருத்துவமும் பெயரின் வழியே சென்றது. தெற்குத் திருவிதாங்கூரின் வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் எண்ணெய், தடவல், கிழி எனத் தளர்ந்த கைகால்களுக்கு நீண்ட நாள் சிகிச்சை செய்தனர். இதில் அவர்களைக் குறைகூற இடமில்லை. மூளையில் குருதி கசிவதே பலருக்குத் திடீர் வீழ்ச்சியின் காரணம் என்பதை யோஹான் யாக்கோப் வெப்ஃபர் 1658-இல் பிணப் பரிசோதனைகளைக் கொண்டு எழுதினார். ஆனால் அந்த அறிவு நோயாளியைக் காக்கும் மருந்தாக மாற மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றன. உயிருள்ளவரின் மூளையைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் 1971-இல் வந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் பயனுண்டு என்பது 1995-இல் நிறுவப்பட்டது. 2008-இல் அந்த வரம்பு நான்கரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாய் அடைப்புகளைக் கருவிகொண்டு அகற்றும் முறையின் பயன் 2015-இல் உறுதியாயிற்று. நோயின் முதல் சில மணி நேரம் சிகிச்சைக்குரிய காலமானது வரலாற்றில் மிக அண்மைய செய்தி.

அச்செய்தி எவ்வளவு தூரம் சென்று சேர்ந்தது? திருவனந்தபுரத்தில் 2005-ஆம் ஆண்டு ஆறு மாத காலம் நடந்த பக்கவாதப் பதிவேட்டு ஆய்வு இதற்கு ஒரு சான்று. நகரத்தில் ஏறத்தாழ 7 லட்சத்து 41 ஆயிரம் பேரும், கிராமப் பகுதியில் 1 லட்சத்து 85 ஆயிரம் பேரும் அதன் வரம்புக்குள் வந்தனர். வயதுக்கேற்பச் சீர்செய்த கணக்கின்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் நகரத்தில் 135 பேருக்கும் கிராமத்தில் 138 பேருக்கும் பக்கவாதம் கண்டது. நோய் வரும் அளவில் வேறுபாடு இல்லை எனலாம். ஆனால் 28 நாட்களுக்குள் இறந்தோர் நகரத்தில் 24.5 விழுக்காடு, கிராமத்தில் 37.1 விழுக்காடு. இந்த இடைவெளிக்கு ஒற்றைக் காரணம் கூற இயலாது. எனினும் நோய் சமமாக வந்து மரணம் மட்டும் ஏறும்போது, நோய் கண்ட பிறகு நடப்பவற்றையே முதலில் ஆராய வேண்டும்.

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நான்கரை மணி நேரத்தில் கடக்க இயலாத தொலைவன்று. காலத்தை விழுங்குவது சாலையைவிடத் தயக்கமே: படுத்தால் சரியாகும், விடியட்டும், முதலில் தைலம் தேய்க்கலாம் என்ற எண்ணங்கள். முகம் ஒருபுறம் கோணுதல், உயர்த்திய கை தாழ்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைப்பதே முறை. சில நிமிடங்களில் அறிகுறி மறைந்தாலும் அது எச்சரிக்கையே. அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் மட்டுமே பிரித்துக் காட்டும்; ஆதலால் வீட்டில் மாத்திரையோ உணவோ கொடுத்தல் ஆகாது. எல்லையூர்க்காரர் வடக்கே திருவனந்தபுரம் செல்வதா, தெற்கே நாகர்கோவில் செல்வதா என்பதை மாநிலமோ பழக்கமோ தீர்மானிக்கலாகாது. ஸ்கேனும் கரைப்பு மருந்தும் எந்நேரமும் கிடைக்கும் இடம் எது என்பதே தீர்மானிக்க வேண்டும். அதை நோய் வருமுன் அறிந்துவைத்தல் நன்று.

தடுப்பு இன்னும் எளியது. பக்கவாதத்தின் தலையாய காரணம் உயர் இரத்த அழுத்தம். அது பெரும்பாலும் வலியின்றி வளர்வது. அளந்து பார்த்தலும், மாத்திரையை இடையில் நிறுத்தாமையும், உப்பையும் புகையிலையையும் விலக்குதலும், சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்தலும் அடியே விழாமல் காக்கும்.

ஆசான்கள் அறிந்த நீண்ட பராமரிப்பின் தேவை இன்றும் மறையவில்லை. இயன்முறை மருத்துவம் அதே பணியை வேறு வகையில் தொடர்கிறது. ஆனால் அது இரண்டாம் படி. பெயர் சொல்லாது விட்ட முதல் மணி நேரங்களை ஊர் அறிந்துகொள்ளும் வரை 24.5-க்கும் 37.1-க்கும் இடைப்பட்ட தொலைவு எளிதில் குறையாது.