ஒருவர் எக்ஸ்பர்ட், ஒருவர் பனியையே பார்த்ததில்லை: நண்பர்களோடு ஜப்பானுக்கு ஸ்னோபோர்டிங் போவது எப்படி?

"ஜனவரியில் ஜப்பான் போய் ஸ்னோபோர்டிங் பண்ணலாமா?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்டால் போதும், ஐந்தே நிமிடத்தில் எட்டு பேர் "நான் ரெடி" என்று சொல்லிவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த எட்டு பேரில் ஒருவர் கனடாவில் படித்தபோது மூன்று சீசன் சறுக்கியவராக இருப்பார். இரண்டு பேர் குல்மார்கில் ஒரு வாரம் கற்றுக்கொண்டிருப்பார்கள். மீதி ஐந்து பேர் பனியைச் சினிமாவில்தான் பார்த்திருப்பார்கள்.

கடற்கரைக்குப் போனால் நீச்சல் தெரியாதவர் மணலில் உட்கார்ந்துகொள்ளலாம். பனிமலையில் அந்த வசதி கிடையாது. லிஃப்டில் ஏறி மேலே போய்விட்டால், எப்படியாவது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். நண்பர்கள் வற்புறுத்தி மேலே கூட்டிப்போன ஒருவர், முதல் நாளே மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மீதி ஆறு நாளும் ரூமில் படுத்திருக்க நேரலாம். லட்சங்கள் செலவழித்துப் போகும் பயணம் அப்படி முடியக் கூடாது.

எனவே அடிப்படை விதி ஒன்றுதான். குழுவில் நன்றாகச் சறுக்குபவரை மனதில் வைத்து ட்ரிப்பைத் திட்டமிடாதீர்கள். முதல்முறை போர்டில் ஏறுபவரை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். தேர்ந்தவருக்கு எந்த மலையிலும் ஏதாவது கிடைத்துவிடும். புதியவருக்கு அப்படி இல்லை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள நிசேகோவை உதாரணமாக வைத்து, இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

யார் எந்த லெவல்?

"உனக்கு ஸ்னோபோர்டிங் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓரளவு தெரியும்" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். நினைத்த இடத்தில் நிற்க முடியுமா? குதிகால் பக்கம், விரல் பக்கம் என இரண்டு விளிம்புகளையும் மாற்றி மாற்றித் திரும்பிக்கொண்டே இறங்க முடியுமா?

• இரண்டுக்கும் "இல்லை" என்றால் புதியவர்.
• மென்மையான சரிவில் இரண்டும் முடியும் என்றால் இடைநிலை.
• செங்குத்தான சரிவிலும், இயந்திரத்தால் சமன் செய்யப்படாத பனியிலும் முடியும் என்றால் தேர்ந்தவர்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கீயிங் தெரிந்தவர் ஸ்னோபோர்டில் புதியவர்தான். ஸ்கீயில் இரண்டு கால்களும் தனித்தனி, கையில் ஊன்றுகோலும் இருக்கும். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பக்கவாட்டாகப் பூட்டப்பட்டிருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் விளிம்பு பனியில் மாட்டினால், யோசிக்க நேரம் இல்லாமல் தடாலென்று விழ வேண்டியதுதான். முதல் இரண்டு நாள் பெரும்பாலும் விழுவதும் எழுவதுமாகவே போகும். இதை டிக்கெட் போடுவதற்கு முன்பே புதியவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஏன் நிசேகோ?

கலவையான குழுவுக்கு ஒரு மலை பொருந்துமா என்று பார்க்க மூன்று விஷயங்கள் போதும். புதியவர்களுக்குத் தனி இடம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் வேண்டும். காலையில் பிரிந்தவர்கள் மதியம் எளிதாக ஒன்றுசேர முடிய வேண்டும்.

நிசேகோவில் இந்த மூன்றும் உண்டு. அன்னுபுரி மலையின் சரிவுகளில் கிராண்ட் ஹிராஃபு, ஹனசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுபுரி என நான்கு ரிசார்ட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நான்குக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்கலாம், இடையே ஷட்டில் பஸ் ஓடுகிறது. அடிவாரத்தில் பயிற்சிச் சரிவுகள், மேலே தூள் பனி, நடுவே நீளமான மிதமான பாதைகள் என எல்லோருக்கும் ஏதாவது இருக்கிறது. அன்னுபுரி பக்கத்தில் அகலமான, சாய்வு குறைந்த பாதைகள் அதிகம். ஹிராஃபுவில் சாப்பாட்டுக் கடைகளும் இரவு விளக்கொளியில் சறுக்கும் வசதியும் உண்டு.

இன்னொரு நன்மை, உயரம். இந்த மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான். குல்மார்கின் அடிவாரமே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அதனால் இங்கே மூச்சுத்திணறல், தலைவலி என்று முதல் நாள் வீணாகாது.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: ரிசார்ட்டுகள் மேல்பகுதியில்தான் ஒன்றோடொன்று இணைகின்றன. காற்று பலமாக அடித்தால் மேல் லிஃப்டுகளை மூடிவிடுவார்கள். அப்போது வேறு ரிசார்ட்டுக்குப் போனவர் பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். மதியச் சந்திப்பை எப்போதும் அடிவாரத்தில் வையுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைகளில் கொட்டுகிறது. ஜனவரியில் அது உச்சத்தில் இருக்கும். தேர்ந்தவர்களுக்குக் கொண்டாட்டம். புதியவர்களுக்கு அதே பனிதான் பிரச்சினை. கடும் குளிர் இருக்கும், எதிரே இருப்பது தெரியாது, மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். புத்தாண்டு வாரத்திலும் சீனப் புத்தாண்டு சமயத்திலும் விலையும் எகிறும்.

குழுவில் பாதிக்கு மேல் புதியவர்கள் என்றால் பிப்ரவரி கடைசியோ மார்ச் முதல் பாதியோ நல்ல தேர்வு. குளிர் சற்றுக் குறையும், வெயிலும் கொஞ்சம் தலைகாட்டும். தேர்ந்தவருக்குத் தூள் பனி குறையலாம். இந்த விட்டுக்கொடுத்தலை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

"மச்சி, நானே சொல்லித் தர்றேன்"

இந்த வாக்கியத்தை நம்பாதீர்கள். நன்றாகச் சறுக்கத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு. அரை மணி நேரத்தில் நண்பருக்குப் பொறுமை போய்விடும், "வா, மேலே போனா தானா வந்துடும்" என்று கூட்டிப்போய்விடுவார். கற்பவருக்கும் பயம், சொல்லித்தருபவருக்கும் அன்றைய நாள் வீண்.

புதியவர்களுக்குக் குறைந்தது முதல் இரண்டு நாள் முறையான வகுப்பு அவசியம். நகரும் தரைப்பட்டையில் ஏறிச் சின்னச் சரிவில் தொடங்கி, நிற்பது, பக்கவாட்டில் இலை உதிர்வதுபோல் இறங்குவது, பிறகு திரும்புவது என்று படிப்படியாகப் போவார்கள். மூன்று நான்கு பேர் புதியவர்கள் என்றால், ஒரு பயிற்சியாளரை உங்கள் குழுவுக்கென்றே எடுத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். சீசன் நேரத்தில் ஆங்கிலப் பயிற்சியாளர்கள் சீக்கிரமே புக் ஆகிவிடுவார்கள்.

முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே ஒரு தடவை போர்டில் ஏறிப் பாருங்கள். குல்மார்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்கீயிங் அண்ட் மவுண்டனீரிங் பயிற்சிகள் நடத்துகிறது. துபாய் வழியாகப் போக வேண்டிய வேலை இருந்தால் அங்குள்ள ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கிலும் வகுப்பு எடுக்கலாம்.

ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

• முதல் நாள், இரண்டாம் நாள்: புதியவர்கள் வகுப்பில். மற்றவர்கள் அவரவர் லெவலில். மதியம் அடிவாரத்தில் ஒன்றாகச் சாப்பாடு.
• மூன்றாம் நாள்: காலையில் வகுப்பு. மதியத்துக்கு மேல் எல்லோரும் சேர்ந்து எளிய பச்சைப் பாதையில்.
• நான்காம் நாள்: ஓய்வு. ஆன்சன் எனப்படும் வெந்நீர் ஊற்றுக் குளியல், ஊர் சுற்றல். உடல் வலி உச்சத்தில் இருக்கும் நாள் இது. ஆசைப்பட்டால் தேர்ந்தவர்கள் மலைக்குப் போகலாம்.
• ஐந்தாம், ஆறாம் நாள்: காலையில் தனித்தனியாக, மதியத்துக்கு மேல் ஒன்றாக. ஒன்றாகப் போகும்போது பாதையைத் தேர்வு செய்யும் உரிமை, குழுவில் குறைவாகத் தெரிந்தவருக்கே.

பாதைகளின் நிறத்தையும் கவனியுங்கள். ஜப்பானில் பச்சை எளிது, சிவப்பு இடைநிலை, கறுப்பு கடினம். வட அமெரிக்காவில் இடைநிலைக்கு நீலம். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு அதைவிடக் கடினம். ஒரு நாட்டில் பழகியவர் இன்னொரு நாட்டில் நிறத்தை மட்டும் நம்பி நண்பர்களைக் கூட்டிப்போகக் கூடாது. சமதளப் பாதைகளும் ஸ்னோபோர்டுக்கு எதிரி. வேகம் போனால் ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

புதியவர்களுக்கு முதல் மூன்று நாள் நான்கு ரிசார்ட் பாஸ் தேவையே இல்லை. ஒரு ரிசார்ட்டுக்கான பாஸோ, சில மணி நேரத்துக்கான பாஸோ போதும். போர்டு, பூட்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட், பேன்ட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, கண்ணாடி, உள்ளே போடும் கம்பளி அல்லது சிந்தெடிக் உடை, நல்ல சாக்ஸ் இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம்; நனைந்தால் உடல் சூட்டை இழுத்துவிடும்.

ஜப்பானியச் சமையலில் மீன் சாறு பல சைவ உணவுகளிலும் கலந்திருக்கும். குழுவில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் சமையலறை உள்ள அபார்ட்மென்ட்டாகப் பாருங்கள்; செலவும் குறையும்.

செலவைச் சமமாகப் பிரிக்காதீர்கள். தங்கும் இடமும் போக்குவரத்தும் பொது. பாஸ், வகுப்பு, வாடகை அவரவர் கணக்கு. இதை முதலிலேயே எழுதிவைத்தால் திரும்பி வந்த பிறகு மனக்கசப்பு இருக்காது.

காயமும் இன்சூரன்ஸும்

ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டுக் கவசம் போட்டால் ஆபத்து குறையும். ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம் என்று குழுவே விதி வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு "கடைசியா ஒரே ஒரு ரவுண்டு" என்று போகாதீர்கள்.

சாதாரணப் பயண இன்சூரன்ஸில் சாகச விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் விலக்கு இருக்கும். பாலிசி வாங்கும் முன் இவற்றை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

• ஸ்னோபோர்டிங் காயத்துக்குக் கவரேஜ் உண்டா, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டுமா?
• குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே அடிபட்டால்?
• மலையிலிருந்து மீட்கும் செலவு, இந்தியாவுக்குத் திருப்பி அழைத்துவரும் செலவு அடங்குமா?
• மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா?

கடைசிக் கேள்வி முக்கியம். ஜப்பானில் வெளிநாட்டவரிடம் சிகிச்சைப் பணத்தை உடனே கேட்கலாம். குழுவில் இரண்டு பேரிடமாவது லிமிட் அதிகமுள்ள கிரெடிட் கார்டு இருக்கட்டும்.

தேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

உண்மையில் உயிருக்கே ஆபத்து வரக்கூடியது தேர்ந்தவர்களுக்குத்தான். நிசேகோவில் ரிசார்ட் எல்லைக்கு வெளியே போக குறிப்பிட்ட கேட்டுகள் உண்டு. அவை மூடியிருந்தால் போகக் கூடாது, கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகக் கூடாது. நிசேகோ விதிகள் என்ற பெயரில் இது ஊருக்கே பொது. பனிச்சரிவு நிலவரம் தினமும் காலையில் வெளியாகிறது. மீட்புக் குழு வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

கேட்டுக்கு வெளியே போவதாக இருந்தால் சிக்னல் கருவி, பனியைத் துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இருந்தால் இன்னும் நல்லது. மரங்களுக்கு நடுவே போகும்போது இன்னொரு ஆபத்து. மரத்தின் அடியைச் சுற்றிப் பனி இறுகாமல் குழிபோல் இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். அதனால் ஜோடியாகவே போங்கள், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இருங்கள், விசில் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லாத்தான் ஓட்டறான்" என்பதற்காக இடைநிலை நண்பரை இதற்குள் இழுக்க வேண்டாம்.

போகும் வழி

இந்தியாவிலிருந்து சப்போரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டோக்கியோ அல்லது தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றின் வழியாக நியூ சிட்டோசே விமான நிலையம் போக வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் அளவில் நிசேகோ. டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறும்படி டிக்கெட் இருந்தால், இடையே பல மணி நேரம் விடுங்கள். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

ஜனவரி வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு நியூசிலாந்தின் கார்ட்ரோனா ஒரு வழி. அங்கே சீசன் ஜூன் முதல் அக்டோபர் வரை. ஜார்ஜியாவின் குடவுரியும் உண்டு. ஆனால் அது மரங்களற்ற திறந்த சரிவு. மூடுபனி வந்தால் புதியவர்கள் திணறிப்போவார்கள்.

எப்போது எதைச் செய்வது?

• 5 மாதம் முன்: லெவல் கேள்விகள், தேதி, பட்ஜெட். தங்குமிடமும் விமானமும்.
• 3 மாதம் முன்: வகுப்பு புக்கிங், விசாவுக்கான ஆவணங்கள்.
• 2 மாதம் முன்: இன்சூரன்ஸ். தினமும் ஸ்குவாட், பிளாங்க். தொடையும் இடுப்பும்தான் முதலில் கைவிடும்.
• 2 வாரம் முன்: வாடகைக்கு உயரம், எடை, ஷூ அளவு அனுப்புதல்.
• கிளம்பும் முன்: பாலிசி எண், அவசர எண், ஒவ்வொருவரின் ரத்த வகை, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரே குறிப்பாக எழுதி, குரூப்பில் பின் செய்துவையுங்கள். மலையில் நெட் கிடைக்காமல் போகலாம், எல்லோரும் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.