கொல்லாது காணும் கண்

மார்கழி விடியலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருவாசகம் ஓதக் கேட்டு வளர்ந்தவர் நாம். போற்றித் திருவகவலில் மணிவாசகப் பெருமான், கருவிலுள்ள உயிர் திங்கள்தோறும் எத்தனை இடர்களுக்குத் தப்பிப் பிழைக்கிறது என்று எண்ணிச் சொல்கிறார். அவர் கண்டது அருட்கண்ணால். ஊனக்கண்ணால் அதனைக் காண மனிதன் பட்ட பாடு தனி வரலாறு.

1670களில் மல்பீகி என்னும் இத்தாலிய மருத்துவர், அடைவைத்த கோழிமுட்டைகளை வெவ்வேறு வேளைகளில் உடைத்து, குஞ்சு உருவாகும் படிகளை நுணுக்குக்காட்டியால் நோக்கி வரைந்தார். உடைத்த ஒவ்வொரு முட்டையோடும் ஓர் உயிர் முடிந்தது. பின்வந்தோர் முளையத்தை மருந்திலிட்டு, மெல்லியதாக அரிந்து, சாயமூட்டிப் பார்த்தனர். வளர்ச்சியை அறிய விரும்பினோர் கையில் எஞ்சியது வளராத உடலே.

சாயமின்றியே உயிருள்ள கலங்களைத் தெளிவாகக் காட்டும் வழியைக் கண்ட ஒல்லாந்தர் சேர்னிக்கே 1953இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் தடித்த முளையத்தின் உள்ளே நோக்க வலிய ஒளி வேண்டும். நெடுநேரம் பாய்ந்தால் அவ்வொளியே கலங்களைக் கெடுத்துவிடும்.

இதற்கு விடை பழைய கருவியொன்றில் இருந்தது. சாளரவழி வரும் வெயிலில் தூசி மினுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே 1903இல் சீடென்டொப், சிக்மொண்டி என்னும் இருவர், கண்ணாடியிற் கலந்த பொற்றுகள்களைக் காண ஒளியைப் பக்கவாட்டிற் செலுத்தினர். 2004இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகர ஆய்வாளர் இம்முறையை உயிருள்ள முளையத்துக்குக் கையாண்டனர். தாள்போன்ற ஒளி பக்கத்திலிருந்து நுழையும். நோக்கும் தளம் மட்டுமே ஒளிபெறும். ஏனைய பகுதி இருளிற் பத்திரமாக இருக்கும். 2008இல் அந்நகர ஆய்வாளர் வரிமீன் முளையங்களின் முதல் 24 மணிநேர வளர்ச்சியை, ஆயிரக்கணக்கான கலங்கள் பிரிந்து இடம்பெயரும் காட்சியோடு, தொடர்ந்து பதிவுசெய்தனர். சொறிமீனிலிருந்து அறியப்பெற்ற ஒளிரும் புரதம் அங்கே சாயத்தின் வேலையைச் செய்தது. கண்ணாடிபோன்ற முளையமுடைய இவ்வரிமீன் பாரத நாட்டு ஆறுகளுக்குரியது. 1822இல் கங்கை மீன்கள் பற்றிய தம் நூலில் ஹமில்ட்டன் என்பவர் இதனை விவரித்தார்.

மணிவாசகர் நுணுக்குக்காட்டி அறிந்திருந்தார் என்று நாம் வீண்பெருமை பேசவேண்டியதில்லை. ஆய்வுகூடங்களில் இன்றும் உயிர்கள் மடியாமலில்லை. ஆயினும் பிறவிக்குறைகள் தோன்றும் வகையை, வளரும் உயிரை வளரவிட்டே ஆராயும் வழி திறந்திருக்கிறது. கொல்லாமையைத் தலையாய அறமெனக் கற்ற நம் சங்கத்து இளைஞர், விஞ்ஞானம் பயிலப் புகும்போது இவ்வழியை மேலும் அகலமாக்குவார்களாக!