மெட்ராஸ் நின்றது, மேகா ஓடியது

கொங்கு வானம் – 17

சென்ற வாரம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் நெடுங்கதையை முடித்தோம். அறுபது ஆண்டுக் கோரிக்கை, போராட்டங்கள், தேர்தல் வாக்குறுதிகள் எல்லாம் தாண்டி, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் கிடைக்கும் உபரிநீர் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேறி, 1,045 குளம் குட்டைகளைத் தேடி வரும் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானியில் உபரி இருந்தால்தானே குழாயில் நீர்? மேலே மழை பெய்ய வேண்டும். ஆகவே இந்த வாரம் இன்னும் கொஞ்சம் மேலே போவோம், 867 கிலோமீட்டர் உயரத்துக்கு.

அவிநாசி, சேவூர், அன்னூர்ப் பக்கத்து விவசாயிக்கு வானிலை அறிவியல் முழுவதும் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: “ஏனுங்க, நாளைக்கு மருந்து அடிக்கலாமுங்களா?” அடித்த மருந்தை மாலை மழை கழுவிக்கொண்டு போனால் கூலியும் நட்டம், மருந்தும் நட்டம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கை இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அந்த அறிக்கைக்குப் பின்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறை இருக்கிறது. அதற்கும் பின்னால் நொய்டாவில் உள்ள தேசிய வானிலைக் கணிப்பு மையம் போன்ற இடங்களில் ஓடும் கணினி மாதிரிகள். அந்த மாதிரிகளுக்குத் தீனி வேண்டும்: இந்த நேரத்தில், இந்த இடத்தில், இந்த உயரத்தில் காற்றில் எவ்வளவு ஈரம் என்ற எண்கள். பல ஆண்டுகள் அந்தத் தீனியில் ஒரு பங்கைப் போட்டுவந்தது ஒரு கிழட்டுச் செயற்கைக்கோள். பெயர் மேகா-ட்ராபிக்ஸ்.

கிழடு என்று சொல்வதில் அவமரியாதை ஒன்றுமில்லை. அதற்குக் குறித்த ஆயுள் 3 ஆண்டு. உழைத்ததோ பத்தாண்டு.

இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி மையமான சிஎன்இஎஸ்ஸும் சேர்ந்து செய்தது அந்தக் கோள். 2011 அக்டோபர் 12 காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி18 ராக்கெட் அதைத் தூக்கிக்கொண்டு போனது. எடை ஒரு டன். கூடவே மூன்று குட்டிக் கோள்களும் போயின. அவற்றில் ஒன்று சென்னையை அடுத்த காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் செய்தது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அளக்க. அந்த நாள் செய்தித்தாள்களில் மாணவர்கள் படம்தான் பெரிதாக வந்திருக்கும். அதுவும் நியாயம்தான்.

இந்தக் கோளின் தனித்தன்மை அது சுற்றிய பாதை. பூமியைப் படம் பிடிக்கும் கோள்கள் பெரும்பாலும் துருவத்துக்குத் துருவம் ஓடுபவை. அப்படிப்பட்ட ஒரு கோள் நம் ஊர்த் தலைக்கு மேல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்தால் உண்டு. கொங்குக் கோடை மழையின் குணம் நமக்குத் தெரியும். மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்குக் கிழக்கே ஒரு கருப்பு எழும்பும். ஐந்து மணிக்கு ஆலங்கட்டியோடு வாழைத்தோப்பைச் சாய்த்துவிட்டு, ஆறரைக்கு ஒன்றும் தெரியாததுபோல் வானம் வெளுத்துவிடும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்க்கிறவனுக்கு இந்த நாடகத்தில் ஒரு காட்சிகூடக் கிடைக்காது. மேகாவை நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் ஓடவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு 102 நிமிடம். நாள் முழுக்க வெப்பமண்டலத்தை விட்டு வெளியே போகாது. அவிநாசி இருப்பது 11 பாகை வடக்கில். ஒரே நாளில் பல தடவை நம் பக்கத்து மேகத்தை அது பார்த்துவிடும்.

நான்கு கருவிகள் அதில் இருந்தன. மேகத்துக்குள் இருக்கும் மழையையும் பனித்துகளையும் அளக்க மெட்ராஸ் (ஆமாம், பெயரே அதுதான், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு யாரோ சிரித்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும்). காற்றின் ஈரத்தை அடுக்கடுக்காக அளக்க சஃபிர். பூமி திருப்பி அனுப்பும் ஒளியையும் வெப்பத்தையும் கணக்கெடுக்க ஸ்காராப். ஜிபிஎஸ் அலைகள் காற்றில் வளைவதை வைத்து வெப்பமும் ஈரமும் சொல்ல, இத்தாலியர்கள் கொடுத்த ரோசா.

நால்வரில் மெட்ராஸ்தான் மூத்த பிள்ளை. திட்டத்தின் கனவே அதன் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 24 சுற்றுச் சுழன்றுகொண்டே கீழே 1,700 கிலோமீட்டர் அகலத்தை வருடிக்கொண்டு போகும். சுழலும் பாகம் என்றாலே விண்வெளியில் தலைவலி. எண்ணெய் விட ஆள் கிடையாது; கழற்றிப் பார்க்க வழி கிடையாது. மேலே போய் ஒன்றேகால் ஆண்டில், 2013 ஜனவரி 26 அன்று, அதன் சுழல் இயக்கம் பழுதாகி நின்றது. பெங்களூரிலிருந்து முயன்று பார்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், மெட்ராஸ் இனி இயங்காது என்று இரு நாடுகளும் அறிவித்துவிட்டன.

என் கணக்கில் மேகாவின் உண்மையான வரலாறு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முக்கியக் கருவி போய்விட்டது. மிச்சமிருந்த கருவிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோவைப் பக்கம் மில்லில் பழைய ஸ்பின்னிங் ஃப்ரேமை ஓட்டும் மெக்கானிக்கிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் கேட்கத் தேவையில்லை. ஓடுகிற ஸ்பிண்டில்களை வைத்து ஷிப்டை முடிப்பார். பெங்களூரிலும் அதைத்தான் செய்தார்கள். அப்போதுதான் சஃபிர் எழுந்து நின்றது.

சஃபிர் வேலை செய்யும் விதம் அழகானது. நீராவிக்கு ஒரு பலவீனம் உண்டு: 183.31 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை அது நன்றாக உறிஞ்சும். அந்த எண்ணை ஒட்டியே கேட்டால், வளிமண்டலத்தின் மேல் மாடியில் இருக்கும் ஈரம் மட்டும் கேட்கும். கீழே இருப்பதை மேலே இருப்பது மறைத்துவிடும். எண்ணிலிருந்து கொஞ்சம் விலகிக் கேட்டால் அதற்குக் கீழ் மாடி. இன்னும் விலகினால் இன்னும் கீழே. இப்படி 0.2 தொடங்கி 11 கிகாஹெர்ட்ஸ் விலகல் வரை ஆறு இடங்களில் காது வைத்து, மேலிருந்து தரையோரம் வரை ஆறு அடுக்குகளின் ஈரத்தைச் சஃபிர் பிரித்துச் சொன்னது. மேகம் குறுக்கே வந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. நொய்டா மட்டுமல்ல, ஐரோப்பிய, பிரெஞ்சு, பிரிட்டிஷ் வானிலை மையங்களும் அதன் எண்களைத் தங்கள் அன்றாடக் கணிப்பில் சேர்த்துக்கொண்டன. மழையை அளக்க வந்த மெட்ராஸ் கண்மூடிய பிறகு, ஈரத்தை அளக்க வந்த சஃபிரின் பதிவிலிருந்தே மழையையும் கணக்கிடும் வழிகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தரவெல்லாம் அகமதாபாத்தின் மாஸ்டாக் தரவு மையம் வழியாகவும், பிரான்சின் லீல் நகரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடைத்தது.

பழையதை ஓட்டும் இந்தக் கைத்திறன் இஸ்ரோவுக்குப் புதிதல்ல. 1975-இல் போன ஆர்யபட்டாவின் ஆய்வுக்கருவிகளுக்கு ஐந்தாம் நாளே மின்சாரம் நின்றுபோனது. ஆனாலும் கோளை ஓட்டிப் பழகினார்கள். பெங்களூரில் ஒரு கழிப்பறையைத்தான் அப்போது தரவு வாங்கும் அறையாக மாற்றியிருந்தார்கள் என்று அந்தத் திட்டத்தை நடத்திய யு.ஆர். ராவே சொல்லியிருக்கிறார். 1979-இல் போன பாஸ்கராவில் சமீர் என்ற நுண்ணலைக் கருவி இருந்தது. சஃபிருக்குத் தாத்தா முறை. நம் கொங்குக்காரர் ஒருவரும் இந்தப் பள்ளியில் பயின்றவர்தான். கிணத்துக்கடவை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைச் சந்திரயானோடு சேர்த்தே உலகம் அறியும். அதற்கு முன் இன்சாட் கோள்களைத் தரையிலிருந்து இயக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். மேகாவைக் கட்டிய பெங்களூர் செயற்கைக்கோள் மையத்துக்கு 2015 முதல் 2018 வரை இயக்குநர். மேகா குறித்த வயதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்கர்களும் இதே பாட்டைப் பட்டவர்கள்தான். 1991-இல் டிஸ்கவரி விண்ணோடம் இறக்கிவிட்ட யுஏஆர்எஸ், மேல் வளிமண்டலத்தையும் ஓசோனையும் பார்க்கப் பத்துக் கருவிகளோடு போனது. ஒன்று அடுத்த ஆண்டே பழுது. இன்னொன்றின் குளிரூட்டி 1993-இல் தீர்ந்தது. பிறகு பேட்டரி தளர்ந்தது, தரவைச் சேமிக்கும் டேப் ரெக்கார்டர் நின்றது. இருக்கிற மின்சாரத்துக்குத் தக்கபடி கருவிகளை மாற்றி மாற்றி ஓட்டி, 2005 டிசம்பர் வரை இழுத்தார்கள். சூரிய உதயத்தையும் மறைவையும் மட்டும் பார்த்து ஓசோனை அளந்த ஹாலோ என்ற கருவி கிட்டத்தட்டக் கடைசி வரை நின்றது.

ஓட்டியது சரி; இறக்கியதுதான் சரியில்லை. மீதி எரிபொருளை எரித்துப் பாதையைத் தாழ்த்தியதோடு கைவிட்டார்கள். ஆறு டன் இரும்பு, எப்போது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாமல் ஆறு ஆண்டு சுற்றியது. 26 துண்டுகள் எரியாமல் தரைக்கு வரலாம், யாராவது ஒருவர் மேல் படும் வாய்ப்பு 3,200-இல் ஒன்று என்று நாசா அறிவித்ததும் உலகமே அண்ணாந்து பார்த்தது. 2011 செப்டம்பர் 24 அன்று பசிபிக்கில் போய் விழுந்தது. அதிலிருந்து பதினெட்டாம் நாள் மேகா மேலே போனது.

மழையளக்கும் டிஆர்எம்எம் கோளின் கதை இதைவிடச் சுவையானது. 1997-இல் போன அதற்கும் 3 ஆண்டு ஆயுள்தான். பத்திரமாகக் கடலில் இறக்க வேண்டுமானால் எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும், ஆகவே ஆய்வை நிறுத்துவோம் என்று 2004-இல் நாசா சொன்னது. சூறாவளி நிபுணர்கள் விடவில்லை. விழும் துண்டால் ஒரு உயிர் போகும் அபாயத்தைவிட, இதன் தரவால் காப்பாற்றப்படும் உயிர்கள் அதிகம் என்று வாதாடி வென்றார்கள். இறங்க வைத்திருந்த எரிபொருள் ஆய்வுக்குப் போனது. 2014-இல் எரிபொருள் தீர்ந்து, அடுத்த ஜூனில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் தானாக விழுந்தது. அந்த வாதம் சரியென்றே நினைக்கிறேன். 17 ஆண்டு மழைக்கணக்கு சும்மா கிடைப்பதில்லை.

மேகாவுக்கு இந்த இக்கட்டு வரவில்லை. 2021 வரை தரவு கொடுத்து ஓய்ந்தபோது, தொட்டியில் 125 கிலோ எரிபொருள் மிச்சம். மகிழ வேண்டிய விஷயம் அல்ல அது. அந்த உயரத்தில் காற்று இழுப்பது மிகக் குறைவு. தானாக விழ நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் தொட்டி வெடித்தால் ஒரு கோள் ஆயிரம் துண்டாகும். வேலை முடிந்த கோளை 25 ஆண்டுக்குள் அகற்றுங்கள் என்பது உலக நாடுகளின் நெறிமுறை. ஆனால் மேகாவைக் கட்டியபோது, இப்படி ஒருநாள் சொன்ன இடத்தில் இறக்குவோம் என்று யாரும் திட்டமிட்டிருக்கவில்லை. இறங்குவதற்கென்று தனிக்கருவி எதுவும் அதில் கிடையாது.

2022 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. உந்துகருவி ஒவ்வொன்றின் பலம் 11 நியூட்டன். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை உள்ளங்கையில் தாங்க ஆகும் பலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அதை வைத்து ஒரு டன் கோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினார்கள். நடுவில் சூரியத் தகடுகளை வெவ்வேறு கோணத்தில் திருப்பி, காற்று எப்படி இழுக்கிறது என்ற ஆராய்ச்சியும் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் வழியில் சர்வதேச விண்வெளி நிலையமோ சீனர்களின் நிலையமோ குறுக்கிடுமா என்று பார்க்க வேண்டும். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச் 7 மாலை 4.32-க்கு நான்கு உந்துகருவிகளையும் சேர்த்து ஏறத்தாழ 20 நிமிடம் எரித்தார்கள். ஒரு சுற்று போய் வந்தது. 6.21-க்கு மறுபடியும் 20 நிமிடம். அது இருபதாவதும் கடைசியுமான எரிப்பு. பாதையின் தாழ்ந்த முனை 80 கிலோமீட்டருக்குக் கீழே வந்தது. அங்கே காற்று விடாது. தென் பசிபிக்கில், மனிதர் வசிக்காத பகுதியில் முன்பே குறித்துவைத்த எல்லைக்குள் மேகா முடிந்தது. 120 கிலோ எரிபொருள் இதற்கே செலவு.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மேகாவின் இடத்துக்கு, அதே சாய்ந்த பாதையில், நுண்ணலைக் காதோடு இன்னொரு இந்தியக் கோள் போகவில்லை. 2024 பிப்ரவரியில் போன இன்சாட்-3டிஎஸ் நல்ல கோள். 36,000 கிலோமீட்டரில் நின்றபடி இந்தியாவை இடைவிடாமல் பார்க்கிறது. ஆனால் காற்றின் ஈரத்தை அது அளப்பது அகச்சிவப்புக் கதிரால். அடர்ந்த மேகம் வந்தால் அதன் கீழே இருப்பது தெரியாது. நமக்குத் தெரிய வேண்டியதோ அங்கேதான். மேகா விழுந்த இரண்டே மாதத்தில், 2023 மே மாதம், நாசா ட்ராபிக்ஸ் என்ற பெயரில் ரொட்டிப் பாக்கெட் அளவுள்ள நான்கு கோள்களை வெப்பமண்டலத்துக்கு மேல் அனுப்பியது. வேலை ஏறத்தாழ மேகாவின் வேலைதான். ஒரு டன் கோளுக்குக் காசில்லை என்றால் இப்படிச் சிறிதாகவாவது நாம் செய்திருக்கலாம். கருவி செய்யும் கையும், பழையதை ஓட்டத் தெரிந்த கையும் நம்மிடம் இருக்கின்றன. கோடை மழை வருமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மேலிருந்து கீழே இறங்கி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றியம்தோறும் நட்டுவைத்த தானியங்கி வானிலை நிலையங்களைப் பார்ப்போம்.

(தொடரும்)