வேற்றுமை மயக்கமும் திருகோணமலைப் பறங்கியர் மொழியும்

ஒரு பெயர்ச்சொல் வினையோடோ பிற பெயரோடோ கொள்ளும் உறவை உணர்த்தும் வடிவ வேறுபாடு வேற்றுமை எனப்படும். இருவேறு உறவுகளை ஒரே உருபு சுமக்கத் தொடங்குவதும், நாளடைவில் அவ்வுருபே தேய்ந்து மறைவதும் பல மொழிகளில் நிகழ்ந்துள்ளன. ஓர் உருபு மற்றொன்றன் பொருளில் வழங்குவதை ஆராயத் தொல்காப்பியம் 'வேற்றுமை மயங்கியல்' என்று தனி இயலே வகுத்துள்ளது. மறைந்த வேற்றுமை வேறு உருவில் மீண்டும் தோன்றியதற்குத் திருகோணமலையின் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேய வழியினரான பறங்கியர் வழங்கிவரும் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது கலப்பில் பிறந்து தாய்மொழியாக நிலைபெற்ற மொழி, சிறந்த சான்றாகும்.

போர்த்துக்கேயத்தின் மூலமான இலத்தீனில் ஆறு வேற்றுமைகள் இருந்தன. மதிலைக் குறித்த 'மூருஸ்' என்னும் சொல் இரண்டாம் வேற்றுமையில் 'மூரும்' என்றும் நான்காம் வேற்றுமையில் 'மூரோ' என்றும் நின்றது. பேச்சில் ஈற்று மகரம் கெட்டு, உகரமும் ஓகாரமும் ஒலியில் நெருங்கியபோது இவ்வேறுபாடு அழிந்தது. ஆயினும் ஒலித்தேய்வை மட்டுமே காரணமாகக் கொள்வது பொருந்தாது. பெயருக்கு முன் வரும் இடைச்சொற்கள் ஏற்கெனவே அப்பணியைப் பகிர்ந்துகொண்டிருந்ததால்தான் உருபுகளின் இழப்பைப் பேசுவோர் எளிதில் தாங்கினர். போர்த்துக்கேயத்தில் வேற்றுமையின் எச்சம் மூவிடப்பெயர்களில் மட்டுமே எஞ்சியது.

1620களில் திருகோணமலையில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயர் 1639இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்கள் மொழியோ வணிகத்திலும் வீடுகளிலும் நிலைத்து, தமிழோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டி வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த மிஷனரிகள் அச்சிட்ட நூல்களில் 'பெர்' என்னும் இடைச்சொல் பெயருக்கு முன் நிற்க, இன்றைய பேச்சில் அதற்கு நிகரான '-ப' தமிழ் உருபு போலப் பெயரின் பின்னே ஒட்டுகிறது. அவன் எனப் பொருள்படும் 'எலி' என்பதிலிருந்து 'எலிப', 'எலிசு' என்னும் வடிவங்கள் பிறக்கின்றன. 'எலிசு' என்பதிலுள்ள '-சு' ஆறாம் வேற்றுமைப் பொருளது. உடைமை குறித்த போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது.

இங்கே மிகவும் கருதத்தக்கது, தமிழ் 'ஐ' என்றும் 'கு' என்றும் பிரித்துக் காட்டுவதை '-ப' ஒன்றே சுமப்பதாகும். 'எலிப' என்பது இடத்திற்கேற்ப அவனையும் அவனுக்கும் ஆகும். உருபு புதிதாக உருவான நிலையிலேயே மயக்கமும் உடன் பிறந்துவிட்டது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசியை உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கும் தமிழ் அமைப்பையும் இம்மொழி ஏற்றுள்ளது.

1970களில் மொழியியலாளர் இயன் சிமித்தும் அண்மைக் காலத்தில் மொழியியலாளர் ஊகோ கார்டோசோவும் இம்மொழியை ஆராய்ந்துள்ளனர். இளந்தலைமுறையினர் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவருவதால், இவ்வுருபுகளை இயல்பாக ஆளும் முதியோரின் பேச்சைப் பதிவுசெய்வது இன்றே செய்யவேண்டிய பணியாக உள்ளது.