நெஞ்சுப் படமும் தனிப் பேணியும்



1991இல் என் மைத்துனர் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தபோது மருத்துவப் பரிசோதனைக்காக நெஞ்சு எக்ஸ்றே எடுத்தார்கள். இரண்டு நுரையீரல்களின் வேரடியிலும் நெறி கட்டியிருப்பது படத்தில் தெரிந்தது. "கசமாம்" என்று வீட்டில் நாங்களே முடிவு கட்டினோம். அவருடைய கோப்பையும் பேணியும் தனியாக வைக்கப்பட்டன. அன்று நாங்கள் அறியாத வரலாற்றை இன்று சொல்கிறேன்.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1936இல் பிறேசில் வைத்தியர் மனுவெல் டி அப்ரூ, எக்ஸ்றே திரையைச் சிறிய பிலிமில் படம்பிடிக்கும் மலிவான முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் பல நாடுகளில் கசத்தைத் தேடிப் பொதுமக்களைத் திரளாகப் படம்பிடித்தார்கள். அப்போதுதான் நெஞ்சில் நெறி இருந்தும் கசம் இல்லாத பலர் வெளிப்பட்டார்கள். சுவீடன் வைத்தியர் ஸ்வென் லொஃப்கிறென் 1946இலும் 1952இலும் இத்தகையோரைப் பற்றி எழுதினார். இருபுறமும் நெறி வீங்கி, காலில் சிவந்த கட்டிகளும் தோன்றினால் அது பெரும்பாலும் சார்கொயிடோசிஸ் என்னும் வேறொரு நோய். அது தொற்றாது. பலருக்குத் தானாகவே மாறிவிடும்.

1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் விம்பிள்டனில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக சீ.ரி. ஸ்கான் செய்யப்பட்டது. கருவியை உருவாக்கிய கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்ட் வேலை செய்தது, இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தில்! பின்னர் இந்த ஸ்கான் நெஞ்சுக்கும் வந்து நெறியின் உட்புறத்தையும் காட்டியது. சாய மருந்து ஏற்றி எடுத்தால், கசத்தில் அடிக்கடி நெறியின் நடுப்பகுதி கருமையாகவும் ஓரம் வளையம்போல் வெளிச்சமாகவும் தெரியும். சார்கொயிடோசிஸில் பெரும்பாலும் இருபுறமும் சமமாக வீங்கியிருக்கும். லிம்போமா என்னும் புற்றுநோயில் நெஞ்செலும்பின் பின்னால் நெறிகள் திரண்டு பெருத்திருப்பது வழக்கம். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. பெட் ஸ்கானிலோ இம்மூன்றுமே ஒளிரலாம்.

நான் கணக்காளன். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் பிழை இருக்கிறது என்று தெரியும். என்ன பிழை என்று அறியப் பற்றுச்சீட்டுகளைப் புரட்டவேண்டும். படமும் அப்படித்தான். பல வேளைகளில் நெறியில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும். கசம் இருப்பது தெரியாமல் ஸ்டீரொயிட் கொடுத்தால் அது மூர்க்கமாகலாம் என்பதால் இது உயிர்ப் பிரச்சினை. 1959இல் சுவீடனின் எரிக் கார்லென்ஸ், கழுத்தடியில் சிறு வெட்டுப் போட்டு நெறியை எட்டும் முறையை வெளியிட்டார். 2000களில் மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் துணையுடன் ஊசியால் எடுக்கும் முறை பரவியது.

மைத்துனரின் கழுத்தில் அந்த வெட்டுத் தழும்பு இன்றும் இருக்கிறது. முடிவு சார்கொயிடோசிஸ் என்று வந்தது. கசமாகவே இருந்திருந்தாலும் அது காற்றால் பரவுவது, கோப்பையால் அல்ல, மருந்தால் மாறுவதும்கூட. அந்தத் தனிப் பேணியைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. எனக்குத்தான் மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு படம் வந்தால், முடிவு வரும்வரை அவருடைய பேணியைப் பிரிக்காதீர்கள்.