80-ம் 61-ம்

2025 ஏப்ரல் 11 ராத்திரி. சேப்பாக்கத்தில் சென்னை அணி இருபது ஓவரையும் ஆடி, 9 விக்கெட்டைப் பறிகொடுத்து, 103 ரன் எடுத்தது. கொல்கத்தாக்காரர்களுக்கு அதைத் தாண்ட பத்து ஓவரும் ஒரு பந்தும் போதுமாயிருந்தது. வரிசையாக ஐந்தாவது தோல்வி. சொந்த மைதானத்தில் அடுத்தடுத்து மூன்றாவது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேரன் மஞ்சள் சட்டையைக் கழற்றி ஊஞ்சல் மேல் எறிந்தான்.

"தாத்தா, இனிமே நான் கிரிக்கெட்டே பாக்கப் போறதில்லை."

பதினோரு வயசு. சமாதானம் சொன்னால் கோபம்தான் ஏறும். நான் பேசாமல் பரணிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை இறக்கினேன். நாற்பது வருஷம் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். அந்த நோட்டு அதற்கெல்லாம் முந்தையது. 1973-ல், எனக்குப் பதினாலு வயதில், பென்சிலால் எழுதியது.

அந்த வருஷம் ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். எதிரே பம்பாய். 1959-லிருந்து தொடர்ந்து பதினான்கு தடவை கோப்பையைக் கொண்டுபோன அணி. ஆனால் ஆடுகளம் சுழலுக்கு வாகானது, நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருக்கிறார்கள், இந்தத் தடவை விடப்போவதில்லை என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு. அப்பா ஐந்து நாளைக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். சைக்கிளின் பின்னால் நான், என் மடியில் தயிர்சாத டப்பா, சாந்தோம் தாண்டிக் கடற்கரைச் சாலை வழியாகப் போனோம்.

பந்து சுழலத்தான் செய்தது. ஆனால் அவர்களிடம் பத்மாகர் ஷிவால்கர் இருந்தார். முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 18 கொடுத்து 5. பம்பாய் எடுத்தது 151-ம் 113-ம். நாம் எடுத்தது 80-ம் 61-ம். இரண்டையும் கூட்டினாலும் 141. அவர்களுடைய முதல் இன்னிங்ஸையே நம் இரண்டு இன்னிங்ஸும் சேர்ந்து எட்டவில்லை. நோட்டின் ஓரத்தில் இந்தக் கூட்டல் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். தப்பாகப் போட்டிருப்போமோ என்ற நப்பாசை.

மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துபோயிற்று. நாங்கள் அப்போதுதான் வாசலில் டிக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கடைசி விக்கெட்டை மறுநாள் பேப்பரைப் பார்த்துப் பேனாவால் எழுதினேன். அது மட்டும் நோட்டில் நீலமாக இருக்கும்.

திரும்பும்போது அப்பா வெகுநேரம் வாய் திறக்கவில்லை. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்: "ஷிவால்கர் கையைப் பார்த்தியோடா?" பிறகு, "நம்ம கல்யாணசுந்தரத்தை மறந்துடாதே" என்றார். அவமானமாகத் தோற்ற அதே ஆட்டத்தில்தான் பி. கல்யாணசுந்தரம் பம்பாய்க்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். அதுவும் சுழல்பந்துக்காரர்கள் கோலோச்சிய ஆடுகளத்தில், வேகப்பந்து போட்டு. நோட்டில் மூன்று பெருக்கல் குறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பேரனின் விரல் அங்கேதான் நின்றது.

தோற்பதற்குத் தமிழ்நாட்டு ரஞ்சி ரசிகனைப்போலப் பயிற்சி பெற்றவன் வேறு யார்? 1934-ல் இந்தப் போட்டியின் முதல் ஆட்டமே இதே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மெட்ராஸ் அணி மைசூரை ஒரே நாளில் சுருட்டியது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். ஆனாலும் கோப்பை வந்தது 1955-ல்தான். பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூருக்குப் போய் ஹோல்கரை 46 ரன்னில் ஜெயித்தார்கள். ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் அந்த அணியில் இருந்தார். அடுத்த கோப்பைக்கு முப்பத்துமூன்று வருஷம். 1988-ல் வாசுதேவன் அணி ரயில்வேயைத் தோற்கடித்தபோது அப்பா இல்லை. அதன் பிறகு ஐந்து இறுதி ஆட்டங்கள், ஐந்திலும் தோல்வி. ஒருநாள் கோப்பை, இருபது ஓவர்க் கோப்பை எல்லாம் நடுநடுவே வந்தன. நாங்கள் கிழவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எங்கள் பிடிவாதம்.

இந்தியாவின் கதையும் அப்படித்தான். 1932-லிருந்து 24 டெஸ்ட் ஆடி, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இருபத்தைந்தாவது, 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில் வந்தது. வினூ மன்கட் 12 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி. அதற்கும் நியூசிலாந்துக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுடைய முதல் வெற்றிக்கு இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

1999 ஜனவரி 31-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. முதுகுவலியோடு சச்சின் 136. அவர் அவுட்டானபோது தேவை பதினேழே ரன், கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலு ரன்னுக்குள் போய், 12 ரன்னில் தோற்றோம். சற்று நேரம் கூட்டத்தில் சத்தமே இல்லை. அப்புறம் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தது. இதைச் சென்னை ரசிகனின் கிரிக்கெட் ஞானம் என்று இன்றுவரை மெச்சிக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ ஞானத்தைவிடப் பழக்கம் என்றே படுகிறது. ஷிவால்கரைப் பார்த்தவர்களும், பார்த்தவர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். எங்கள் வரிசையில் ஒருவர் மட்டும் எழவே இல்லை. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். திருமயிலைக்குத் திரும்பிய பறக்கும் ரயிலில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

"அந்த ஷிவால்கர் இப்ப எங்க இருக்கார்?" என்றான் பேரன். போன மாதம்தான், மார்ச் 3-ம் தேதி, 84 வயதில் போய்விட்டார் என்றேன். அவரைப் போலவே இடக்கைச் சுழல் போட்ட பேடியின் காலத்தில் பிறந்த பாவத்துக்கு இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்றதும், தன் தோல்வியை விட்டுவிட்டு அவருக்காகக் கோபப்பட ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, சென்னை லக்னோவில் ஜெயித்தது. சீசன் முடிவில் பத்து அணிகளில் பத்தாவதாகத்தான் நின்றது. அப்படி ஒரு கடைசி இடம் சென்னைக்கு அதுவே முதல் தடவை. ஆனால் புத்தாண்டு ராத்திரி அது யாருக்குத் தெரியும்? மஞ்சள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள் என் மருமகள். அவன் அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.