சிம்னி விளக்கும் நானோ கம்பியும்

ஆரணியில் எங்கள் தறியில் இழை அறுந்தால், அப்பா சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து முடிச்சுப் போடுவார். அந்த வெளிச்சத்திலேயே அவர் பார்வை மங்கியது. இன்று அதே தறிக்கு மேல் எல்.இ.டி. பல்பு.

1907இல் ஹென்றி ரவுண்ட், கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் செலுத்தி மங்கலான ஒளியைக் கண்டார். 1962இல் ஹாலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. செய்தார். நீலம் கிடைத்த பிறகே வீட்டுக்கு வெள்ளை வெளிச்சம் வந்தது. அகசாகி, அமானோ, நகமுராவுக்கு 2014இல் நோபல் பரிசு.

உள்ளே ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறுபக்கமிருந்து துளை. இரண்டும் சேரும் இடத்தில் ஒளி. படிகத்தில் குறை இருந்தால் ஒளிக்குப் பதில் சூடு. இப்போது படிகத்தையே நானோ கம்பியாக வளர்க்கிறார்கள். பட்டுக்கூட்டின் ஒற்றை இழையைவிடச் சுமார் நூறு மடங்கு மெல்லியது. அதனால் குறையும் குறைவு. ஆனால் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசியுமாம். அதைத் தடுக்க மேலே உறை பூசுகிறார்கள்.

இழையில் குறை என்றால் அப்பாவுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். சொல்லத்தான் அவர் இல்லை.